மந்தமான ஆண்டில் ஆஸ்கரைக் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ராமேசுவரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆண்டுதோறும் பதினொரு பேர் கூடி ஆஸ்கர் கணிப்புப் போட்டி நடத்துகிறோம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் தம்பி, கீழக்கரையிலிருந்து பஸ் பிடித்து வரும் காக்கா (அந்த ஊர் முஸ்லிம் வழக்கில் அண்ணன்), பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அக்கா, விசைப்படகில் போகும் அண்ணன் என்று கலவையான கூட்டம். ஜெயித்தவருக்கு ஒரு கிலோ கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு.

எல்லாரும் ஒப்புக்கொண்ட பெரிய படம் ஒன்று இருக்கும் ஆண்டில் போட்டியே சப்பென்று இருக்கும். பாதிப் பேர் ஒரே மதிப்பெண் வாங்கித் தொதலைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மந்தமான ஆண்டில்தான் ஆள் தெரியும். புதிதாகச் சேருகிறவர்கள் அந்த ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே இடங்களில் இடறுகிறார்கள். அந்த இடங்களை வரிசைப்படி கீழே எழுதியிருக்கிறேன். ஆண்டு என்று நான் சொல்வதெல்லாம் படம் தகுதி பெற்ற ஆண்டு. விழா அதற்கு அடுத்த ஆண்டில் நடக்கும். இந்தக் குழப்பத்திலேயே ஒருவர் போன முறை மூன்று மதிப்பெண் இழந்தார்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு வாங்குங்கள். பிரிவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: படம், சான்று, தேதி. ‘என் கருத்து’ என்று நான்காவது கட்டம் போடாதீர்கள். டிசம்பரில் எங்கோ கேட்ட பேச்சு பிப்ரவரியில் உங்கள் சொந்த நம்பிக்கையாக உருமாறி நிற்கும். எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் அதை அடையாளம் காண முடியும்.

அடுத்தது தேதிப் பட்டியல். பரிந்துரை வெளியாகும் நாள், இறுதி ஓட்டுப்பதிவு தொடங்கும் நாள், முடியும் நாள், தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர், கதாசிரியர் என்று ஹாலிவுட் தொழிற்சங்கங்கள் தரும் ஒவ்வொரு சங்க விருதும் அறிவிக்கப்படும் நாள் ஆகியவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இதன் அருமை 5-ஆம் பகுதியில் தெரியும்.

மூன்றாவது, தகுதிப் பட்டியல். அந்தக் காலண்டர் ஆண்டுக்குள், அமெரிக்காவின் ஆறு குறிப்பிட்ட நகர்ப் பகுதிகளில் ஒன்றிலாவது தொடர்ந்து ஏழு நாள் திரையரங்கில் ஓடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. சிறந்த படம் பிரிவுக்கு 2024 முதல் அதற்கு மேலும் பரவலான வெளியீடு தேவை. அதனால்தான் அந்த ஆண்டு 323 படங்கள் பொதுவாகத் தகுதி பெற்றும், சிறந்த படத்துக்கு 207 மட்டுமே நின்றன. இதைப் பார்க்காமல் எங்கள் தம்பி 2024 செப்டம்பரில் ‘தி லைஃப் ஆஃப் சக்’ படத்தைத் தடித்த எழுத்தில் எழுதி வைத்தார். டொராண்டோ திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கிய படம் அது. அமெரிக்கத் திரையரங்குக்கு வந்ததோ 2025-இல். ஆட்டத்திலேயே இல்லாத படத்தின் மேல் மூன்று மாதம் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்.

படங்களைப் பார்த்திருக்க வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. இந்தக் கடற்கரைத் திரையரங்குகளுக்கு இவற்றில் பெரும்பாலானவை வருவதே இல்லை. மதுரைக்குப் போனால் ஒன்றிரண்டு கிடைக்கும், மற்றவை ஓடிடியில் வரும்போது வரும். நான் அதிகப் படங்கள் பார்த்த ஆண்டில்தான் படுமோசமாகத் தோற்றேன். ஒரு படத்தின் மேல் ஆசை விழுந்துவிட்டது. ஆசை விழுந்த பிறகு சான்று கண்ணில் படாது.

2. மந்தமான ஆண்டுதானா என்று உறுதி செய்யுங்கள்

‘இந்த ஆண்டு ஒரு படமும் சரியில்லை’ என்பது உங்கள் ரசனை பற்றிய செய்தி. கணிப்புக்கு அதனால் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: முன்னணியில் ஒரே படம் இருக்கிறதா, கூட்டம் சிதறிக் கிடக்கிறதா?

ஒப்பிட இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ‘ஓப்பன்ஹைமர்’ கோல்டன் குளோப், விமர்சகர் தேர்வு (கிரிட்டிக்ஸ் சாய்ஸ்), பிரிட்டிஷ் அகாடமியின் பாஃப்டா, தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது என்று ஒன்று விடாமல் அள்ளியது. அப்படிப்பட்ட ஆண்டில் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிடலாம். 2024-ஐப் பாருங்கள். கோல்டன் குளோபில் ‘தி புரூட்டலிஸ்ட்’ படமும் ‘எமிலியா பெரெஸ்’ படமும் பிரித்துக்கொண்டன. பாஃப்டாவும் நடிகர் சங்கக் குழு விருதும் ‘கான்கிளேவ்’ படத்துக்குப் போயின. தயாரிப்பாளர், இயக்குநர் சங்கங்கள் ‘அனோரா’ பக்கம் நின்றன. கோல்டன் குளோபில் ஒரு விருதும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிய அந்த ‘அனோரா’தான் கடைசியில் 6 பரிந்துரையில் 5 ஆஸ்கர் வென்றது.

என் அளவுகோல் எளியது. ஜனவரி முடிவதற்குள் நோட்டின் சிறந்த படம் பக்கத்தில் மூன்று வெவ்வேறு படங்களுக்குப் பெரிய வெற்றி பதிவாகியிருந்தால், அது மந்தமான ஆண்டு. கீழே வரும் படிகளை அப்போதுதான் முழுமையாகச் செய்ய வேண்டும்.

3. யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று எழுதுங்கள்

ஆஸ்கரை வழங்கும் அகாடமியில் ஓட்டுரிமை உள்ளவர்கள் சுமார் 10,000 பேர். எல்லாரும் படத்தொழிலில் இருப்பவர்கள்: நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனைக்காரர். நடிகர்கள்தான் பெரிய பிரிவு. விமர்சகர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. கோல்டன் குளோபுக்கு ஓட்டுப் போடும் பத்திரிகையாளர்களுக்கும் இல்லை.

இதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், புதியவர்கள் எல்லா விருதையும் ஒரே தராசில் போடுகிறார்கள். கோல்டன் குளோபில் ஜெயித்தால் ஒரு மதிப்பெண், தயாரிப்பாளர் சங்கத்தில் ஜெயித்தால் ஒரு மதிப்பெண் என்று கூட்டுகிறார்கள். ஒன்றில் ஓட்டுப் போட்டவர்களுக்கு ஆஸ்கரில் வேலையே இல்லை. மற்றதில் போட்டவர்களில் கணிசமானவர்கள் ஆஸ்கரிலும் போடுகிறவர்கள். கோல்டன் குளோப் மேடையில் பேசும் பேச்சு ஒருவரைப் பிரபலமாக்கும், அவ்வளவுதான்.

இரண்டு கட்டங்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கட்டத்தில் பெரும்பாலும் அந்தந்தத் துறைக்காரர்களே தங்கள் பிரிவுக்குப் போடுகிறார்கள். சிறந்த படத்தை மட்டும் எல்லாரும் பரிந்துரைக்கலாம். இறுதிக் கட்டத்தில் எல்லாருமே எல்லாப் பிரிவுக்கும் போடலாம். ஒளிப்பதிவாளர் மெச்சிய ஒளிப்பதிவு பரிந்துரைக்குள் வந்துவிடும். ஆனால் வெற்றியைத் தீர்மானிப்பது நடிகரும் தயாரிப்பாளரும் சேர்ந்த பெருங்கூட்டம். 2025-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, ஒரு பிரிவில் ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

4. வரிசை ஓட்டை மீனில் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் ஒருவரும் எங்கள் திண்ணையில் தொதல் சாப்பிட்டதில்லை. இறுதிச் சுற்றில் சிறந்த படம் பிரிவுக்கு மட்டும் 2009 முதல் வரிசை ஓட்டு முறை நடக்கிறது. 2021 முதல் பட்டியலில் சரியாக 10 படங்கள் இருக்கின்றன. ஓட்டாளர் அவற்றைத் தன் விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார்.

புத்தகத்தில் படித்தால் இது மண்டையில் ஏறாது. நாங்கள் செய்வது இது: ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு என்ன வாங்குவது என்று பதினொரு பேருக்கும் துண்டுச்சீட்டு கொடுத்து, நான்கு பொருளை வரிசைப்படுத்தச் சொல்வோம். ஒரு முறை வந்த முதல் விருப்பங்கள் இப்படி: நண்டு 4, சீலா 3, இறால் 3, கணவாய் 1.

சாதாரண ஓட்டாக இருந்தால் நண்டு ஜெயித்துவிட்டது. வரிசை ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும்; பதினொன்றில் ஆறு. யாருக்கும் ஆறு இல்லை. எனவே கடைசியில் இருக்கும் கணவாயை நீக்கி, அந்தச் சீட்டின் இரண்டாவது விருப்பத்தைப் பார்த்தோம். சீலா என்று இருந்தது. இப்போது நண்டு 4, சீலா 4, இறால் 3. அடுத்து இறால் நீங்குகிறது. அந்த மூன்று சீட்டில் இரண்டில் அடுத்த விருப்பம் சீலா, ஒன்றில் நண்டு. முடிவு: சீலா 6, நண்டு 5.

நண்டுக்காரர்கள் நால்வரும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஆனால் சீட்டுகளைப் புரட்டினால் காரணம் தெரிந்தது. நண்டை முதலில் எழுதாதவர்களில் பலர் அதைக் கடைசியில் எழுதியிருந்தார்கள். ஓடு உடைத்துத் தின்ன யாருக்குப் பொறுமை என்று அக்கா கேட்டார். சீலாவை யாரும் கடைசியில் எழுதவில்லை. உயிரைக் கொடுத்து ஆசைப்பட்டவர்களும் அதற்கு அதிகமில்லை, வேண்டாம் என்று தட்டை நகர்த்தியவர்களும் இல்லை.

வலுவான ஆண்டில் ஒரு படம் முதல் விருப்பத்திலேயே பாதியை நெருங்கிவிடும் என்பதால் இரண்டாவது விருப்பத்துக்கு அவ்வளவாக வேலை இருக்காது. மந்தமான ஆண்டில் முதல் விருப்பங்கள் சிதறும். சுற்று மேல் சுற்றாகச் சீட்டுகள் கைமாறும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதுங்கள். இதை உயிராக நேசிப்பவர்கள் யார்? இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதக் கூசாதவர்கள் யார்? கடைசியில் தள்ளக்கூடியவர்கள் யார்? மூன்றாவது கேள்விக்கு நீளமான பதில் வரும் படத்தைச் சிறந்த படம் பக்கத்திலிருந்து இறக்குங்கள், எத்தனை பரிந்துரை இருந்தாலும்.

2021 இதற்கு நல்ல பாடம். ‘தி பவர் ஆஃப் தி டாக்’ 12 பரிந்துரைகளோடு வந்தது. கோல்டன் குளோப், விமர்சகர் தேர்வு, பாஃப்டா, இயக்குநர் சங்கம் எல்லாம் அதன் பக்கம். ‘கோடா’வுக்கு மூன்றே பரிந்துரை, இயக்கத்துக்கும் படத்தொகுப்புக்கும் பரிந்துரையே இல்லை. முடிவில் ‘கோடா’ மூன்றையும் வென்றது, சிறந்த படம் உட்பட. ‘தி பவர் ஆஃப் தி டாக்’ இயக்கத்துக்கான ஒன்றோடு நின்றது. அகாடமி ஓட்டு எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. சுற்று வாரியாக என்ன நடந்தது என்று யாரும் காட்ட முடியாது. ஆனால் குளிர்ந்த மதிப்பு ஒரு பக்கம், இளகிய பிரியம் ஒரு பக்கம் என்று நின்ற ஆண்டில் வரிசை ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சீலாவை வைத்தே ஊகிக்கலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இந்தத் தர்க்கத்தை மற்றப் பிரிவுகளுக்கும் நீட்டுவது. இறுதிச் சுற்றில் மற்றப் பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றியாளர். அங்கே நண்டே ஜெயிக்கும். இயக்கமும் படமும் பிரிந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. முன் விருதுகளைத் தேதி வரிசையில் பதியுங்கள்

முதலில் திரைப்பட விழாக்கள்: மே மாதம் கான், ஆகஸ்டு கடைசியில் வெனிஸ், செப்டம்பரில் டொராண்டோ. இந்த மூன்றும் பெயர்ப்பட்டியலைத் தரும், வெற்றியாளரைத் தராது. டொராண்டோ பார்வையாளர் விருது வாங்கிய படங்கள் 2012 முதல் 2023 வரை ஒன்று தவறாமல் சிறந்த படப் பரிந்துரை பெற்றன. 2024-இல் அந்தச் சங்கிலி அறுந்த கதையைத் தம்பி வாயிலாக மேலே சொன்னேன்.

டிசம்பரில் விமர்சகர் குழுக்கள், ஜனவரியில் கோல்டன் குளோப். வேகமாகப் பதிந்துவிட்டு நகருங்கள். அதன் பிறகு வருவது சங்க விருதுகள். இங்கே நிதானம் வேண்டும்.

தயாரிப்பாளர் சங்கமும் 2009 முதல் வரிசை ஓட்டையே பயன்படுத்துகிறது. 2009 முதல் 2024 வரையிலான 16 ஆண்டுகளில் 12 முறை அதன் தேர்வும் ஆஸ்கர் சிறந்த படமும் ஒன்றாக இருந்தன. 2013-இல் சங்கத்தில் இரண்டு படங்கள் சமமாக வென்றன. அவற்றில் ஒன்று ஆஸ்கர் வாங்கியது. தவறியவை மூன்று: 2015-இல் ‘தி பிக் ஷார்ட்’ சங்கத்தில் வெல்ல, ஆஸ்கர் ‘ஸ்பாட்லைட்’ படத்துக்குப் போனது, 2016-இல் ‘லா லா லேண்ட்’, ஆஸ்கர் ‘மூன்லைட்’, 2019-இல் ‘1917’, ஆஸ்கர் ‘பாரசைட்’.

பெரும்பாலானவர்கள் 16-இல் 13 என்ற கணக்கோடு திருப்தியடைந்து எழுந்துவிடுகிறார்கள். தவறிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஸ்பாட்லைட்’, ‘மூன்லைட்’, ‘பாரசைட்’ மூன்றுமே அமெரிக்கக் கதாசிரியர் சங்கத்தின் மூலத் திரைக்கதை விருதை வென்றவை. முதலும் கடைசியும் நடிகர் சங்கக் குழு விருதையும் வென்றிருந்தன. தயாரிப்பாளர் சங்கத்தை மீற வேண்டுமென்று உங்களுக்குக் கை அரித்தால், மீறும் படத்துக்குத் திரைக்கதை பலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இன்னொரு கணக்கு, நானே உட்கார்ந்து போட்டது. 2015 முதல் 2024 வரை சிறந்த படம் வென்ற பத்தில் ஏழு, திரைக்கதை ஆஸ்கரையும் வென்றன. மீதி மூன்றான ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’, ‘நோமேட்லேண்ட்’, ‘ஓப்பன்ஹைமர்’ படங்கள் சிறந்த இயக்குநரை வென்றன. இரண்டும் இல்லாமல் வென்ற படம் அந்தப் பத்தாண்டில் இல்லை. எனவே நீங்கள் எழுதும் சிறந்த படத்துக்கு இயக்கமும் திரைக்கதையும் இரண்டுமே கிடைக்காது என்று உங்கள் நோட்டே சொன்னால், எங்கோ ஒரு பக்கம் பொய்.

இயக்குநர் பக்கம் எளிது. 2009 முதல் 2024 வரை இயக்குநர் சங்க வெற்றியாளருக்கு ஆஸ்கர் தவறியது இரண்டு முறைதான்: 2012-இல் பென் அஃப்லெக்குக்கு ஆஸ்கர் பரிந்துரையே கிடைக்கவில்லை, 2019-இல் சாம் மெண்டிஸை போங் ஜூன் ஹோ முந்தினார். இதில் புத்திசாலித்தனம் காட்ட முயலாதீர்கள்.

இப்போது முதல் பக்கத் தேதிகளுக்கு வாருங்கள். 2024-ஆம் ஆண்டுப் படங்களுக்கான இறுதி ஓட்டு 2025 பிப்ரவரி 11 முதல் 18 வரை நடந்தது. நடிகர் சங்க விழா பிப்ரவரி 23. அன்று ‘கான்கிளேவ்’ குழு விருதை வாங்கியதும் எங்கள் கூட்டத்தில் நான்கு பேர் பேனாவை எடுத்து ‘அனோரா’வை அடித்துவிட்டு ‘கான்கிளேவ்’ என்று எழுதினார்கள். பெட்டி மூடி ஐந்து நாளாகியிருந்தது. அந்த விருது ஒருவருடைய ஓட்டையும் மாற்றியிருக்க வழியில்லை; நடிகர்களின் மனநிலைக்கு ஒரு சான்று, அவ்வளவுதான். 2021-இல் நிலைமை வேறு: தயாரிப்பாளர் சங்கம் ‘கோடா’வை அறிவித்த மார்ச் 19, இறுதி ஓட்டு நடந்துகொண்டிருந்த நாட்களுக்குள்ளேயே விழுந்தது. கடைசியாகக் கேட்ட செய்திக்கு அதிக எடை கொடுப்பது மனித சுபாவம். தேதியைப் பார்த்தபிறகு எடை போடுங்கள்.

6. நடிப்புப் பிரிவுகள்

மந்தமான ஆண்டின் குழப்பம் முழுதாகத் தெரிவது இங்கேதான். 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றுக் காலம், தகுதிக் காலத்தையே 2021 பிப்ரவரி 28 வரை நீட்டினார்கள். சிறந்த நடிகைக்கு கோல்டன் குளோப் ஆண்ட்ரா டேவுக்கும், விமர்சகர் தேர்வு கேரி மல்லிகனுக்கும், நடிகர் சங்க விருது வயோலா டேவிஸுக்கும், பாஃப்டா ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கும் போயின. நான்கு விருது, நான்கு பேர். ஆஸ்கர் மெக்டார்மண்டுக்கு. அதே ஆண்டு சிறந்த நடிகரில் சாட்விக் போஸ்மன் கோல்டன் குளோபையும் நடிகர் சங்க விருதையும் வென்றிருந்தார். பாஃப்டா வாங்கிய ஆந்தனி ஹாப்கின்ஸுக்கு ஆஸ்கர் போனது. 2023-இல் லில்லி கிளாட்ஸ்டன் நடிகர் சங்கத்தில் வென்றும், பாஃப்டா வாங்கிய எம்மா ஸ்டோன் ஆஸ்கரை எடுத்தார். 2024-இல் டெமி மூர் மூன்று பெரிய விருது வாங்கியிருக்க, பாஃப்டா வாங்கிய மைக்கி மேடிசன் வென்றார்.

இவ்வளவு படித்தவுடன் ‘அப்படியானால் பாஃப்டாவை நகலெடுத்தால் போதும்’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2022-இல் பாஃப்டாவின் நான்கு நடிப்புத் தேர்வுகளும் ஆஸ்கரில் தவறின. நான்கும்.

நான் இப்போது பின்பற்றும் முறை இது. நடிகர் சங்கமும் பாஃப்டாவும் ஒரே பெயரைச் சொன்னால் அதையே எழுதுகிறேன். பிரிந்தால், யாருடைய படம் சிறந்த படம் பட்டியலில் பலமாக நிற்கிறது என்று பார்க்கிறேன். மெக்டார்மண்ட் ‘நோமேட்லேண்ட்’ படத்தில் இருந்தார், மேடிசன் ‘அனோரா’வில் இருந்தார். 2022-இல் மிஷெல் யோ, கே ஹுய் குவான், ஜேமி லீ கர்ட்டிஸ் மூவரும் சிறந்த படம் வென்ற ஒரே படத்தில் இருந்தார்கள். பலமான படம் தன் நடிகரையும் இழுத்துக்கொண்டு போகும். இதிலும் தவறு வரும். அதே ஆண்டு சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கிய பிரெண்டன் ஃப்ரேசரின் படம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இருந்தாலும் காசைச் சுண்டிப் போடுவதைவிட மேல்.

7. பரிந்துரை எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள்

2024-இல் ‘எமிலியா பெரெஸ்’ 13 பரிந்துரை, 2 வெற்றி. 2023-இல் ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்’ 10 பரிந்துரை, ஒரு வெற்றியும் இல்லை. 2019-இல் ‘தி ஐரிஷ்மேன்’ படத்துக்கும் அதே 10, அதே பூஜ்யம். பரிந்துரை என்பது ஒவ்வொரு துறைக்காரரும் தனித்தனியே தலையசைத்தது. 10 துறை தலையசைத்ததால் கூட்டம் முழுதும் கை தூக்கும் என்று அர்த்தமில்லை.

தொழில்நுட்பப் பிரிவுகளில் ஓட்டாளர்களில் பெரும்பாலோர் அந்தத் துறை தெரியாதவர்கள். ஆகவே ‘சிறந்த’ என்பதை ‘கண்ணுக்கு அதிகமாகத் தெரிகிற’ என்று படியுங்கள். காட்சி விளைவுகளில், பட்டியலில் ஒரு படம் சிறந்த படத்துக்கும் போட்டியிட்டால் அந்தப் பக்கம் சாயுங்கள். 2021, 2022, 2024 மூன்றிலும் அப்படிப்பட்ட படமே வென்றது. சிறந்த சர்வதேசப் படத்துக்கும் இதே வழி.

குறும்படங்களைக் காலியாக விடாதீர்கள். கதைச்சுருக்கத்தைப் படித்து, மனத்தை அதிகம் தொடுவதை எழுதிவிட்டுப் போங்கள். காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம் உறுதி.

நம் நாட்டுப் படம் வரும்போது எல்லாருக்கும் தராசு ஒரு பக்கம் சாயும். ‘நாட்டு நாட்டு’ பாடல் 2022-க்கான ஆஸ்கரை வென்றபோது, நாடு ஜெயித்ததால் கணிப்பு ஜெயித்தது என்று காக்கா இன்றும் சொல்கிறார். அந்தப் பாடல் அதற்கு முன்பே கோல்டன் குளோபும் விமர்சகர் தேர்வும் வாங்கியிருந்தது. நோட்டில் அந்த இரண்டு வரி இருந்ததால்தான் நான் அதை எழுதினேன்.

8. இந்த நோட்டைத் தேசிய விருதுக்குத் தூக்கிப் போகாதீர்கள்

ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். இந்த முறை அங்கே செல்லாது. நம் தேசியத் திரைப்பட விருதைத் தீர்மானிப்பது ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய நடுவர் குழு; பத்தாயிரம் பேரின் ஓட்டு இல்லை, முன் விருதுகளும் இல்லை. மண்டல நடுவர் குழுக்கள் முதலில் சலித்து அனுப்புவதை மையக் குழு பார்க்கிறது. 2020 நம் திரையரங்குகளுக்கும் வறண்ட ஆண்டுதான். ஓடிடியில் நேராக வெளிவந்த ‘சூரரைப் போற்று’ சிறந்த படம் உட்பட ஐந்து தேசிய விருதுகளை வாங்கியது. அறிவிப்பு வந்ததோ 2022 ஜூலையில். இரண்டு ஆண்டுக்குமுன் எழுதிய கணிப்பை அதற்குள் கரையான் தின்றுவிடும்.

9. பூட்டும் நாளும் எண்ணும் நாளும்

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு சீட்டைப் பூட்டுங்கள். நாங்கள் உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். கடைசி இரவில் செய்யும் திருத்தங்கள் பெரும்பாலும் சரியானதை அடித்துத் தவறானதை எழுதும் திருத்தங்கள். என் பழைய நோட்டுகளில் அடித்தல் தெரியும் இடங்களை எண்ணிப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில் உங்கள் உறுதியை 10-க்கு எவ்வளவு என்று குறியுங்கள். 9 போட்ட இடத்தில் தோற்றால் உங்கள் முறையில் கோளாறு. 4 போட்ட இடத்தில் தோற்றால் மந்தமான ஆண்டில் அது இயல்பு, முறையை மாற்ற வேண்டாம். இதைக் குறிக்காதவர்கள் எல்லாத் தோல்வியையும் ஒரே மாதிரி பார்த்து, அடுத்த ஆண்டு சரியான பழக்கத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

நமக்கு விழா நேரலை திங்கட்கிழமை விடியற்காலையில் வருகிறது. திங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள். நாங்கள் டிவி முன் தேநீரோடு உட்காரும் நேரத்தில் படகு அண்ணன் டோக்கன் வாங்க வரிசையில் நிற்பார். செவ்வாய் காலையில்தான் கரைக்கு வருவார். அதனால் அவருடைய உறையை ஞாயிறு மாலையே வாங்கி வைத்துவிடுவோம். அவர் வரும்வரை யாரும் போனில் முடிவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. 2025 விழாவின்போது அவர் வந்து, உப்புக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உறையைக் கிழித்தார். நான் வெற்றியாளர் பட்டியலை ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் டிக் போட்டுக்கொண்டே போனார். குறும்படம் மூன்றையும் தவறவிட்டிருந்தார். சிறந்த படத்துக்கு நேரே ‘அனோரா’ என்று எழுதி, உறுதி 6 என்று போட்டிருந்தார். நான் 9 போட்டு ‘கான்கிளேவ்’ என்று எழுதிய சீட்டை அதற்குள் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். பேனாவைப் பிடித்த அந்த நால்வரில் நானும் ஒருவன்.